சும்மா இருந்த ஐந்து கிளைகள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. பிப்ரவரி கடைசியில் மேலாளர் என்னை அறைக்கு அழைத்தார். ஒப்பந்தம் ஜூன் மாதத்தோடு முடிகிறது, நீட்டிக்க மாட்டார்கள் என்றார்.
2. அன்று மாலையே நிரல் தேர்வுகளுக்குப் பயிற்சி தரும் இணையத்தளம் ஒன்றில் பதிந்துகொண்டேன்.
3. நூற்று அறுபத்து நான்கு கணக்குகள் போட்டேன்.
4. முதல் தேர்வில் அம்மாவால் தோற்றேன். (அம்மா இதை ஒப்புக்கொள்வதில்லை.)
5. இரண்டாவது தேர்வில் என் வாயால் தோற்றேன். அதாவது, அதைத் திறக்காததால்.
6. தோழி ஒருத்தி பிரிக்ஃபீல்ட்ஸில் எனக்குப் பேசப் பயிற்சி கொடுத்தாள்.
7. மூன்றாவது தேர்வில் பேசினேன். ஐந்து பேரின் வேலைக்கு உலை வைக்கும் அளவுக்குப் பேசினேன்.

எண் போட்டு எழுதினால் எல்லாம் அடங்கி நிற்பதுபோல் தெரிகிறது. அப்போது எதுவும் அடங்கி நிற்கவில்லை. அந்த நான்கு மாதங்களில் நான் ஒரு நாற்காலியில் முழுதாக உட்கார்ந்ததாக நினைவில்லை. சாப்பிடும்போது கால் ஆடும். பல் தேய்த்துக்கொண்டே மின்னஞ்சல் பார்ப்பேன். செய்ய வேண்டியவை என்று ஒரு பட்டியல் போடுவேன். பிறகு அதில் எதை முதலில் செய்வது என்று இன்னொரு பட்டியல் போடுவேன். இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு அலமாரியை அடுக்குவேன். பார்ப்பவர்களுக்கு நான் நிதானமான பெண். அலுவலகத்தில் அப்படித்தான் சொல்வார்கள். மேசைக்குக் கீழே என் காலை யாரும் பார்த்ததில்லை.

நான் வேலை பார்ப்பது கிள்ளானில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில் உள்ள ஒரு சரக்கு நிறுவனத்தில். லோரிகள் எங்கே, எப்போது போய்ச் சேர்ந்தன என்பதை அறிக்கையாக்குவது என் வேலை. சேர்ந்த முதல் மாதமே, நான் போட்டுக் கொடுத்த அட்டவணையை நம்பிக் கிளந்தானுக்குப் போன ஒரு லோரி, பூட்டிய கதவுக்கு முன்னால் இரண்டு நாள் நின்றது. லோரிகளை அனுப்பும் அண்ணன் என் மேசைக்கு வந்தார். அவர் கத்த மாட்டார், கேள்விதான் கேட்பார்.

“ஏம்மா, வெள்ளிக்கிழமை கோத்தா பாருவுல ஸ்டோர் கதவ யாரு தொறப்பா? நீங்க போய்த் தொறக்கிறீங்களா?”

மலேசியாவின் கிளந்தான், திரங்கானு, கெடா மூன்று மாநிலங்களிலும் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு அங்கே வேலை நாள். இது எனக்குப் பள்ளியிலேயே தெரியும். பரீட்சைக்குத் தெரிந்தது, லோரிக்குத் தெரியவில்லை. அன்றே ஒவ்வொரு மாநிலத்தின் விடுமுறை நாட்களையும் ஒரு தாளில் எழுதிக் கணினித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். பிறகு ஜொகூர் வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறியபோது பழையதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே புதியதை எழுதினேன். அதோடு சரி. ஒட்டிய தாள் ஒட்டிய இடத்தில் இருந்தது. நான் அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

இது என் மூன்றாவது ஒப்பந்த வேலை. படித்து முடித்து நான்கு வருடங்களில் மூன்று. எந்தப் படிவத்திலும் ‘நிரந்தரம்’ என்ற கட்டத்தில் நான் குறியிட்டதே இல்லை. ஜூன் முடிவதற்குள் அந்தக் கட்டத்தில் ஒரு குறி. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

தரவு ஆய்வாளர் வேலைக்கு விண்ணப்பித்தால் முதலில் ஒரு தேர்வு வைப்பார்கள். ஓர் அட்டவணையைக் கொடுத்து, அதிலிருந்து இன்னதை எடு, இன்னதோடு சேர், இன்னதைக் கண்டுபிடி என்பார்கள். குறித்த நேரத்துக்குள் நிரல் எழுத வேண்டும். பயிற்சித் தளத்தில் இப்படி ஆயிரக்கணக்கான கணக்குகள் இருந்தன. எல்லாம் எங்கோ உள்ள கடைகள், எங்கோ ஓடும் வாடகைக் கார்கள், எங்கோ உள்ள ஊழியர்களின் சம்பளம். நான் அவற்றுக்கு ஓர் அட்டவணை வைத்திருந்தேன்: கணக்கின் எண், வகை, ஆன நிமிடங்கள், விடையை எட்டிப் பார்த்தேனா இல்லையா. தானாகப் போட்டது பச்சை. குறிப்பைப் பார்த்துப் போட்டது மஞ்சள். அழுதது சிவப்பு. அந்த மூன்றாவது நிறத்துக்கு வேறு பொருள் சொல்லியிருந்தாலும் உண்மை அதுதான்.

ஒரு கட்டத்தில் சில வரிகள் விரலில் படிந்துவிட்டன. ‘வேலை நாட்களை மட்டும் எடு’ என்று கேள்வியில் பார்த்ததும் கை தானாகவே சனியையும் ஞாயிற்றையும் கழிக்கும் வரியை எழுதிவிடும். மூளைக்கு அதில் வேலையே இல்லை. அதை முன்னேற்றம் என்று குறித்துக்கொண்டேன்.

முதல் தேர்வு வீட்டில் இருந்தபடியே எழுதுவது. தொண்ணூறு நிமிடம். கணினியின் கேமரா நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும்; அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. அம்மாவிடம் மூன்று முறை சொன்னேன். கதவில் தாள் ஒட்டினேன். நாற்பதாவது நிமிடம் கதவு திறந்தது.

“காலைலேர்ந்து ஒண்ணும் குடிக்கல நீ. மைலோ கலக்கிட்டேன்.”

“அம்மா, போங்கம்மா!”

“யாரு பாக்குறா அதுல? வெள்ளைக்காரனா?” அம்மா குனிந்து கேமராவையே பார்த்தார். “ஹலோ.”

திரையில் சிவப்புப் பட்டை வந்தது: அறையில் இன்னொருவர். தேர்வு அங்கேயே மூடிக்கொண்டது. எழுதிக் கேட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. அம்மா இன்றுவரை சொல்வது இதுதான்: “ஒரு ஹலோவுக்கு வேலை குடுக்காதவன் நல்லவனா இருக்க மாட்டான்.”

இரண்டாவது தேர்வு காணொளி அழைப்பில். எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து நாம் எழுதுவதைப் பார்ப்பார். இந்த முறை அம்மாவைக் கோவிலுக்கு அனுப்பிவிட்டேன். கேள்வி சுலபம், என் அட்டவணையில் பச்சை நிறத்தில் உள்ள வகை. எழுதத் தொடங்கினேன். நடுவில் ஓர் இடத்தில் நின்றேன், யோசித்தேன், அழித்தேன், திரும்ப எழுதினேன். அவர் இரண்டு முறை, “இருக்கிறீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். இரண்டு முறையும் தலையாட்டினேன். என் கேமரா உறைந்து போயிருந்தது பிறகுதான் தெரிந்தது. பதினோரு நிமிடம் அவர் என் உறைந்த முகத்தோடு தனியாக இருந்திருக்கிறார். விடை சரி. வேலை இல்லை. ‘உங்கள் சிந்தனை முறையை எங்களால் அறிய முடியவில்லை’ என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள்.

அந்த வரியைத் தோழிக்கு அனுப்பினேன். அவள் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். கோலாலம்பூரின் செராஸில் பிறந்து, இப்போது அதே நகரத்துப் பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கி, மூன்று வருடமாக நிரந்தரமாக ஓர் இடத்தில் வேலை பார்ப்பவள். உடனே அழைத்தாள்.

“நீ வாயத் தொறக்காம உக்காந்திருந்தா லைன் போயிடுச்சுன்னுதான் நெனைப்பாங்க லா. சனிக்கிழமை வா. உன்ன பேச வைக்கிறேன்.”

ஆறு சனிக்கிழமைகள் போனேன். காலை எட்டு மணிக்குக் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினால் ஒன்பதுக்கு மேல் கே.எல். சென்ட்ரல் நிலையம். அங்கிருந்து நடந்தால் அவள் தெருமுனையில் ஒரு தமிழ் முஸ்லிம் உணவகம். ஆளுக்கு ஒரு தோசை, நுரை பொங்க ஆற்றிய தே தாரெக் தேநீர் ஒன்று. அவள் தேர்வாளர், நான் தேர்வு எழுதுபவள். கணினி கிடையாது, தாளில் எழுத வேண்டும், எழுதும் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் நாக்கு நின்றுவிட்டது. “அப்ப தமிழ்ல சொல்லு. மொதல்ல வாய் ஓடட்டும்” என்றாள்.

ஆகவே இரண்டு அட்டவணைகளைச் சேர்க்கும் ஒரு கணக்கைத் தமிழில் சொன்னேன். “இடது பக்கம் இருக்கிறவங்க எல்லாரும் வரணும். வலது பக்கம் இல்லாட்டியும் பரவால்ல. அப்புறம் ஆளாளுக்குத் தனித்தனியா பிரிக்கணும். ஒவ்வொருத்தர்லயும் கடைசியா வந்தது யாருன்னு பாத்து அத மட்டும் வெச்சுக்கிட்டு மத்தத தூக்கிடணும்...”

தண்ணீர் வைக்க வந்த கடைக்கார அண்ணன் நின்றுவிட்டார். மூன்று வாரமாக எங்களைக் கவனித்திருக்கிறார்.

“தங்கச்சி, தப்பா நெனைக்காதீங்க. சொத்துத் தகராறா? நம்ம கஸ்டமர் ஒருத்தர் லாயர் இருக்கார். நல்ல மனுஷன்.”

தோழி தோசையை வாயில் வைத்துக்கொண்டே சிரித்துப் புரையேறினாள். “ஆமாண்ணே. இவங்க கடைசியா வந்தவங்களுக்குத்தான் எல்லாம் எழுதி வைக்கிறாங்க.”

“அது தப்பாச்சே” என்றார் அவர், என்னைப் பார்த்து, உண்மையான கவலையோடு.

தோழியிடம் ஒரே ஒரு விதி இருந்தது. எழுதத் தொடங்குமுன் நாம் எவற்றை எல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்கிறோமோ அவற்றைச் சொல்லிவிட வேண்டும். தேதி எங்கும் விடுபடவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரே சரக்கு இருமுறை பதிவாகவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இப்படி. “தப்பா இருந்தா அவங்க அப்பவே சொல்லிடுவாங்க. நீ சொல்லாத ஒண்ணு தப்பா இருந்தா அது உன் தப்பு” என்பாள். அதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடிட்டேன்.

வாய் ஓடத் தொடங்கியதும் நிற்கவில்லை. திரும்பும் ரயிலில், பெண்கள் பெட்டியில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே வருவேன். ஒரு முறை சுபாங் ஜெயாவில் ஏறிய ஆன்டி ஒருவர் எதிரே உட்கார்ந்து ஷா ஆலம் வரை என் உதட்டையே பார்த்தார். பிறகு முன்னால் சாய்ந்து, மெதுவாக, “எத்தனை நாள் விரதம்மா?” என்றார்.

“ஜூன் வரைக்கும் ஆன்டி” என்றேன். வேறு என்ன சொல்ல?

“நடக்கும். நம்பிக்கையா இரு” என்று பையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்துக் கொடுத்தார். கிள்ளானில் இறங்கும்வரை அதைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தேன்.

ஜூன் முதல் வாரத்தில் மூன்றாவது தேர்வு வந்தது. நாடெங்கும் பொட்டலங்களைக் கொண்டுசேர்க்கும் நிறுவனம் ஒன்று, கே.எல். சென்ட்ரலிலிருந்து நடக்கும் தூரத்தில், பதினான்காவது மாடி. நிரந்தர வேலை. நேரில் வரச் சொன்னார்கள். நாற்பது நிமிடம் முன்னால் போய், கீழே இருந்த நடைபாதையை எட்டு முறை சுற்றினேன். ஒன்பதாவது சுற்றில் காவலாளி என்னைப் பார்க்கத் தொடங்கியதால் மேலே போனேன்.

அறையில் இரண்டு பேர். ஒருவர் நாற்பதைத் தாண்டிய மலாய்ப் பெண், அந்தப் பிரிவின் தலைவர். மற்றவர் இளைஞர், சீனர். நான் பேசுவதை எல்லாம் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். முக்கால் மணி நேரம். ஒரே கேள்வி. இருபத்திரண்டு கிளைகளின் இரண்டு வருடத் தரவு: எந்தக் கிளை, எந்த நாளில், எத்தனை பொட்டலங்களைக் கையாண்டது. வேலை நாளாக இருந்தும் ஒரு பொட்டலம்கூடக் கையாளாமல் சும்மா இருந்த நாட்களை எண்ண வேண்டும். அதில் முதல் ஐந்து கிளைகளைச் சொல்ல வேண்டும்.

பேசினேன். ஆங்கிலத்திலேயே அனுமானங்களை வரிசையாகச் சொன்னேன், ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் மடக்கி. தேதி விடுபடவில்லை. இரட்டைப் பதிவு இல்லை. பதிவே இல்லாத நாள் என்றால் பூஜ்யம். தலைவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். “வேறு ஏதாவது?” என்று கேட்டார். இல்லை என்றேன். நிரல் எழுதும்போதும் பேசினேன். வேலை நாட்களைப் பிரிக்கும் வரி வந்தபோது விரல்கள் தாமாகவே ஓடின. அந்த ஒரு வரிக்கு மட்டும் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

இருபத்தெட்டாவது நிமிடம் விடை வந்தது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. கோத்தா பாரு, கோலத் திரங்கானு, அலோர் ஸ்டார், ஜொகூர் பாரு, பத்து பஹாட். மற்ற கிளைகள் எங்கோ கீழே, ஒற்றை இலக்கத்தில். இந்த ஐந்தும் மேலே தனியாக நின்றன. இவ்வளவு தெளிவான விடை பயிற்சித் தளத்தில்கூட வந்ததில்லை. எனக்குள் நான்கு மாதமாக ஓடிக்கொண்டிருந்த மோட்டார் அந்த ஒரு நிமிடம் நின்றது. அந்த அமைதியில்தான் சொன்னேன், கேட்காமலே: “இந்த ஐந்து கிளைகளின் மேலாளர்களிடமும் நிர்வாகம் விளக்கம் கேட்க வேண்டும்.”

இளைஞரின் தட்டச்சு நின்றது.

“சரி” என்றார் தலைவர். “எந்தக் கிழமைகளில் சும்மா இருந்தார்கள் என்று பார்க்க முடியுமா?”

ஒரு வரி சேர்த்து ஓட்டினேன். கோத்தா பாருவுக்கு நேரே: வெள்ளி. வெள்ளி. வெள்ளி. வெள்ளி. திரையை உருட்டினேன். வெள்ளி. முழுப் பக்கமும் வெள்ளி.

“நான் கோத்தா பாருக்காரி” என்றார் அவர், சிரிக்காமல். “வெள்ளிக்கிழமை என் அம்மாகூடக் கடையைத் திறக்க மாட்டார்.”

வாய் மூடிக்கொண்டது. பழைய பதினோரு நிமிடம் திரும்பி வருவது எனக்குத் தெரிந்தது. கண் முன்னால் திரைக்குப் பதிலாக என் அலுவலக மேசை நின்றது: பக்கத்தில் ஒட்டிய தாள், என் கையெழுத்து, சிவப்பு மை. இந்த ஐந்து கிளைகளும் இருக்கும் நான்கு மாநிலங்களும் அதில் இருந்தன: கிளந்தான், திரங்கானு, கெடா, ஜொகூர். இரண்டு வருடம் நான் தினமும் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். லோரிக்கு ஒரு நாடு, தேர்வுக்கு வேறொரு நாடு என்று எப்போது பிரித்தேன் என்று தெரியவில்லை. நூற்று அறுபத்து நான்கு கணக்குகளிலும் எல்லாரும் சனி, ஞாயிறு வீட்டில் இருந்தார்கள். கிள்ளானில் நாங்களும் அப்படித்தான் இருக்கிறோம்.

“இந்தப் பட்டியல் என் அலுவலகத்தில், என் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது” என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிறகு பலமுறை யோசித்தேன். அப்போது அதுதான் வாயில் வந்தது. வாய் திறந்ததே பெரிது. “நான்தான் எழுதினேன். விடுமுறை நாளை நான் அனுமானத்தில் சொல்லவே இல்லை. அது அனுமானம் என்றே எனக்குத் தோன்றவில்லை.”

“பதினைந்து நிமிடம் இருக்கிறது” என்றார் இளைஞர். அவர் பேசியது அதுதான் முதல் முறை.

சனி, ஞாயிறு என்று எழுதியிருந்த வரியை அழித்தேன். மாநிலம், விடுமுறை நாட்கள் என்று ஒரு சிறு அட்டவணை எழுதத் தொடங்கினேன். மூன்றாவது வரியில் நின்றேன். “ஜொகூருக்கு ஒரு வரி போதாது” என்றேன். “இந்த இரண்டு வருடத்துக்கு நடுவில் அவர்கள் மாறிவிட்டார்கள். முதல் வருடம் வெள்ளி, சனி. இரண்டாம் வருடம் சனி, ஞாயிறு. ஆகவே எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்றும் எழுத வேண்டும்.” ஜொகூர் பாருவின் பட்டியலைத் திறந்து காட்டினேன்: முதல் வருடம் முழுக்க வெள்ளி, அதன் பிறகு ஒரு வெள்ளிகூட இல்லை.

தலைவர் நாற்காலியை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது.

அட்டவணையை எழுதி முடித்தேன். அதைத் தரவோடு சேர்க்கும் கடைசிப் பகுதியில் ஓட்டினால் பிழை. திருத்தினேன். இன்னொரு பிழை. எங்கே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தேடும்போது நேரம் முடிந்தது. இறுதி விடை வரவில்லை. உண்மையில் சும்மா இருந்த ஐந்து கிளைகள் எவை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இறங்கி நேராக உணவகத்துக்குப் போனேன். தோழி மதிய இடைவேளையில் வந்திருந்தாள். சொல்லி முடித்ததும் நெற்றியில் கை வைத்தாள்.

“வெள்ளிக்கிழமையா? ஐயோ. நானும் அப்படியே எழுதியிருப்பேன் டி. செராஸ்காரிக்கு என்ன தெரியும், சனி வந்தா தூங்கத்தான் தெரியும்.”

“கிள்ளான்காரிக்குத் தெரியும். தாள்ல எழுதி வெச்சிருக்கா.”

“அப்ப இன்னும் மோசம் லா” என்றாள். பிறகு என் தட்டிலிருந்து பாதி வடையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் அலுவலகத்தில், லோரி அண்ணனிடம் சொன்னேன். சொல்ல வேண்டும்போல் இருந்தது. முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் இரும்பு அலமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அஞ்சு மேனேஜருக்கும் லெட்டர் அனுப்பிட்டீங்களா, இல்ல இனிமேத்தானா? கோத்தா பாரு மனுஷன் நமக்குத் தெரிஞ்சவர்மா. சொல்லி வெக்கிறேன், வெள்ளிக்கிழமை வந்து உக்காரச் சொல்லி.”

அன்று மட்டும் மூன்று முறை வந்து கேட்டார். ஒவ்வொரு முறையும் வேறு ஊர்ப் பெயர்.

பிறகு எட்டு நாள். அந்த எட்டு நாளில் பயிற்சித் தளத்தைத் திறக்கவில்லை. அதற்குப் பதில் மின்னஞ்சலைத் திறந்தேன். எத்தனை முறை என்பதை எண்ணாமல் இருப்பது என்று முடிவு செய்து, அதையும் ஒரு பட்டியலில் எழுதினேன். என் அட்டவணையில் இருந்த பழைய கணக்குகள் சிலவற்றை எடுத்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘இது எந்த ஊர்?’ என்று எழுதிப் பார்த்தேன். பெரும்பாலானவற்றுக்கு விடை இல்லை. நாற்பதுக்கு மேல் போக முடியவில்லை. எழுந்து வீட்டைச் சுற்றி நடந்தேன். “கேமராவுல ஹலோ சொன்ன எடத்துலேர்ந்து பதில் வந்துச்சா?” என்று அம்மா கேட்டார். அது வேற இடம்மா என்றேன், நான்காவது முறையாக.

ஒன்பதாவது நாள் காலை, அலுவலகத்தில் இருக்கும்போது பதில் வந்தது. மூன்று வரிகள். இரண்டாம் சுற்றுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இறுதி விடை வராமல் போயும் ஏன் அழைக்கிறார்கள் என்று எழுதவில்லை. ஜொகூரைச் சொன்னதாலா, பிழையைத் தேடும்போது பேசியதாலா, மற்றவர்கள் என்னைவிட மோசமாகச் செய்ததாலா என்று தெரியாது. படித்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் இருந்த தாளைப் பெயர்த்தெடுத்தேன். படம் எடுத்துக்கொண்டு திரும்ப ஒட்டினேன். என் இடத்துக்கு யார் வந்தாலும் லோரி வெள்ளிக்கிழமை போய்ச் சேரக் கூடாது.

இன்றைய நிலை: முதல் சுற்றில் தேறியிருக்கிறேன். ஒப்பந்தம் வரும் செவ்வாய்க்கிழமை முடிகிறது. இரண்டாம் சுற்று அதற்கு மறுநாள், புதன்கிழமை, காலை பத்து மணிக்கு. வேலை இன்னும் கிடைக்கவில்லை.